வேங்கடத்தின் பெயர் சூடியவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

பெயர்களைப் பற்றிய கேள்விகளை இந்த மாதம் அனுப்பும்படி கேட்டிருந்தோம். ஆந்திர எல்லையோரத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெங்கடேசன் என்ற ஒரே பெயரைச் சுற்றியே இருந்தன. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்தப் பெயருக்கும் அதன் உறவுப் பெயர்களுக்கும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (வாசகி, நகரி): நாங்கள் மூன்று தலைமுறையாக நகரியில் வாழும் தமிழ்க் குடும்பம். பிறந்திருக்கும் மகனுக்கு என் மாமனாரின் பெயரான வெங்கடேசன் என்பதையே வைக்க வேண்டும் என்கிறார் என் கணவர். அது தெலுங்குப் பெயர், தமிழ்ப் பெயராகப் பார்த்து வையுங்கள் என்கிறார் என் அண்ணன். அந்தப் பெயருக்குப் பொருள் என்ன? அது எந்த மொழிக்கு உரியது?

பதில்: குழந்தைக்கு என் வாழ்த்துகள். தங்கள் அண்ணனின் மொழிப்பற்றை மதிக்கிறேன். ஆனால் இந்தப் பெயரைத் தெலுங்குக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

வேங்கட என்பதோடு ஈசன் சேர்ந்து, வடமொழிப் புணர்ச்சி முறைப்படி வேங்கடேசன் ஆயிற்று. வேங்கட மலைக்குத் தலைவன் என்பது பொருள். ஈசன் வடசொல், அதில் ஐயமில்லை. ஆனால் பெயரின் உயிர் முன்பாதியில் இருக்கிறது. அது ஒரு மலையின் பெயர்; அந்த மலையைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகள் தமிழில்தான் கிடைக்கின்றன. தமிழ் வழங்கும் நிலத்துக்கு எல்லை சொல்ல வந்த பனம்பாரனார், தொல்காப்பியப் பாயிரத்தை 'வடவேங்கடம் தென்குமரி ஆயிடை' என்றுதான் தொடங்குகிறார். அகநானூற்றின் 61ஆம் பாட்டில் மாமூலனார், கள்வர் கோமான் புல்லி என்னும் தலைவனின் மலையாக 'விழவுடை விழுச்சீர் வேங்கடம்' என்று அதைப் பாடுகிறார். திருவிழாக்கள் நிறைந்த, பெருஞ்சிறப்புடைய வேங்கடம் என்பது அதன் பொருள். அதே புலவர் 211ஆம் பாட்டில் இன்னும் ஒரு செய்தி தருகிறார். பொருள் தேடிப் போன தலைவன் வேங்கடத்துக்கு அப்பால், 'மொழிபெயர் தேஎம்' எனப்பட்ட, மொழி மாறுகின்ற நாட்டில் இருக்கிறான் என்கிறார். காலையில் தமிழில் பேசி மாலையில் தெலுங்கில் பேசுகிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்தச் சொல்லின் அருமை விளக்காமலே விளங்கும். மொழி மாறும் இடத்தில் நிற்கும் மலையின் பெயரைத்தான் நாம் நம் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம்.

வேங்கடம் என்ற சொல்லுக்கே பொருள் என்ன என்று கேட்டால் இரண்டு விளக்கங்கள் உண்டு. புராண வழியில் வந்தவர்கள், 'வேம்' என்பது பாவம், 'கட' என்பது எரித்தல், ஆகவே பாவங்களை எரிக்கும் மலை என்பார்கள். கோயிலில் நம்பிக்கையோடு கேட்கும் பொருள் அது. அதை நான் மறுக்க வரவில்லை. தமிழ் வழியில் பார்க்கும் அறிஞர்கள், போகும் என்பது போம் என்றும் ஆகும் என்பது ஆம் என்றும் சுருங்குவது போல வேகும் என்பது வேம் என்று சுருங்கி, அதனோடு பாலை நிலத்து வழியைக் குறிக்கும் கடம் சேர்ந்து, வெயிலில் வேகின்ற காட்டுவழி என்ற பொருளில் வேங்கடம் ஆயிற்று என்பார்கள். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. சங்கப் பாட்டுகளில் வேங்கடம் பெரும்பாலும் பிரிவுப் பாட்டுகளில், தலைவன் கடந்து போகும் கடுமையான வழியாகவே வருகிறது. சித்திரை மாதத்துப் பகலில் புத்தூரிலிருந்து ரேணிகுண்டாவை நோக்கி நடந்தவர் யாரும் அந்தப் பொருளைத் தவறென்று சொல்ல மாட்டார்.

அண்ணனிடம் இதையெல்லாம் எடுத்துச் சொல்லுங்கள். பாதி வடமொழியாக இருப்பது அவருக்கு இடறினால், திருவேங்கடம் என்ற பெயர் இருக்கிறது. மாமனாரின் பெயரும் நிற்கும், அண்ணனின் மனமும் நிறையும்.

கேள்வி (ஆசிரியர், அரக்கோணம்): மாணவர் பதிவேட்டில் ஒரே வகுப்பில் 'வெங்கடேசன்' என்றும் 'வேங்கடேசன்' என்றும் இருவர் இருக்கிறார்கள். எது பிழை?

பதில்: பிழை என்று எதையும் அடிக்க வேண்டாம். பெற்றோர் எப்படி எழுதினார்களோ அதுவே அந்தப் பிள்ளையின் பெயர்.

ஆனால் மூலம் எது என்று கேட்டால், நெடில்தான். சங்கப் பாட்டிலும் ஆழ்வார் பாசுரத்திலும் வேங்கடம் என்றே இருக்கிறது. வடமொழியில் எகரக் குறிலே கிடையாது. ஆகவே அந்த வழியில் வந்தாலும் 'வே' என்றுதான் இருக்க வேண்டும். தெலுங்கிலும் ஏட்டு வழக்கில் நெடிலாகவும் பேச்சு வழக்கில் குறிலாகவும் இரண்டு வடிவங்கள் வழங்குகின்றன. நீண்ட பெயரை விரைந்து கூப்பிடும்போது முதலெழுத்து தேய்ந்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே எழுத்து என்பதால் அந்தத் தேய்வு நிலைத்துவிட்டது. திரு என்ற அடைமொழி முன்னால் வந்தால் மட்டும் யாருடைய வாயும் பிசகுவதில்லை. திருவேங்கடம் என்று சொல்லாமல் 'திருவெங்கடம்' என்று சொல்பவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

எழுத்துலகிலும் இரண்டும் இருக்கின்றன. சாகித்திய அகாதமி விருதை 2011இல் பெற்ற நாவலாசிரியர் சு. வெங்கடேசன் குறிலில் எழுதுகிறார். அதே விருதை 2024இல் பெற்ற வரலாற்று ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி நெடிலில் எழுதுகிறார். புதிதாகப் பெயர் வைப்பவர்கள் என்னைக் கேட்டால் நெடிலையே சொல்வேன். பழைய பாட்டில் இருக்கும் எழுத்தோடு பிள்ளையின் பெயர் ஒத்துப்போவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி இருக்கிறது.

கேள்வி (வாசகர், சத்தியவேடு): என் தந்தையின் பெயர் ஆந்திர அரசு ஆவணங்களில் 'வெங்கடேசுலு' என்றும், அவர் தமிழ்நாட்டில் படித்த பள்ளியின் சான்றிதழில் 'வெங்கடேசன்' என்றும் இருக்கிறது. எங்கள் தமிழ்ப் பெயரைச் சிதைத்துவிட்டார்களே என்று எனக்கு நெடுநாளாக வருத்தம்.

பதில்: தங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, எங்கள் உறவிலும் இப்படி இரண்டு பெயரோடு வாழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் 'லு' என்பது சிதைவன்று. தெலுங்கில் ராமுடு என்பது ஒருமை. ராமுலு என்பது பன்மை, அதுவே மரியாதை. நாம் நக்கீரன் என்பதை நக்கீரர் என்று உயர்த்திச் சொல்வது போல அவர்கள் வெங்கடேசுலு, சீனிவாசுலு, ஆஞ்சநேயுலு என்று சொல்கிறார்கள். தெலுங்கில் பெயரை எழுதிய எழுத்தர், தெரிந்தோ தெரியாமலோ, தங்கள் தந்தையை வெங்கடேசர் என்று எழுதியிருக்கிறார்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனோடு போயிற்று. வேங்கடத்தை விடமாட்டோம் என்று ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி நம்மிடம் வந்தது. மலையும் அதைச் சுற்றிய ஊர்களும் அங்கேயே நின்றன. அதே மாற்றத்தில் ஆந்திரத்தோடு சேர்ந்த சத்தியவேட்டுத் தமிழர்கள் எல்லைக்கோட்டுக்கு அப்பால் இருந்தபடியே தமிழராகத் தொடர்ந்தார்கள். வீட்டில் வெங்கடேசனாகவும் தாலுகா அலுவலகத்தில் வெங்கடேசுலுவாகவும் வாழ்ந்த ஒரு தலைமுறையே நமக்கு உண்டு.

நடைமுறைக்கு வருவோம். நிலப் பத்திரம், வங்கி, ஓய்வூதியம் என்று வரும்போது இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதற்கு நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றும், வருவாய்த் துறையிடமிருந்து சான்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தந்தையார் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. தங்கள் பிள்ளைகளின் சான்றிதழ்களில் தாத்தாவின் பெயர் வருமிடத்தில் ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, பள்ளிப்பட்டு): இந்தப் பெயரைக் கொண்ட புகழ்பெற்றவர்கள் யார் யார்?

பதில்: பலருடைய பெயரில் வேங்கடம் ஒரே ஓர் எழுத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்பதால், இதற்கு விடை சொல்ல முதலெழுத்துகளையும் தேட வேண்டியிருக்கிறது.

சர் சி. வி. ராமன் என்கிறோம். அந்த 'வி' வேங்கட. வேங்கடராமன் என்ற ஒரே பெயர் இரண்டாகப் பிரிந்து, பின்பாதி உலகப் புகழ் பெற்றது. திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த அவர் 1930இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். 79 ஆண்டுகளுக்குப் பிறகு, 2009இல், வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அறிவியல் உலகம் அவரை வெங்கி என்றே அழைக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் பிறந்து அறிவியலில் நோபல் பெற்றவர்களில் இருவருக்கு ஒரே பெயர் அமைந்ததை நான் பள்ளிப் பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வதுண்டு. பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள ராஜாமடத்தில் 1910இல் பிறந்து, 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமனுக்கும் அதே பெயர்.

பெயர் மாறியவர்களின் கதை இன்னும் சுவையானது. திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன் என்ற சிறுவன், 1896இல் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். 1907இல் காவ்யகண்ட கணபதி முனிவர் அந்தப் பெயரின் பின்பகுதியைக் கொண்டு அவரை ரமண மகரிஷி என்று அழைத்தார். வேங்கடரமணன் என்றால் வேங்கடத்தில் மகிழ்ந்திருப்பவன் என்று பொருள். வேங்கடராமன் என்பது வேங்கடவனையும் ராமனையும் சேர்த்த பெயர். பேச்சில் இரண்டும் கலந்துவிடுவது வழக்கம்.

தமிழ் படித்தவர்கள் மறக்கக் கூடாத மாற்றம் ஒன்று உண்டு. உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போனபோது, ஆசிரியர் வேறு பெயர் உண்டா என்று கேட்டு, வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்ற பெயரையே ஏற்றுக்கொண்டார். வேங்கடம் பேசும் சங்க நூல்களையும் சிலப்பதிகாரத்தையும் சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த முதன்மையான பதிப்பாசிரியர், பிறப்பால் வேங்கடத்தின் பெயரைச் சூடியவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நெகிழ்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய ந. மு. வேங்கடசாமி நாட்டாரும், பௌத்தம், சமணம், பழந்தமிழ்க் கலைகள் என்று வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த மயிலை சீனி. வேங்கடசாமியும் இதே வரிசையில் வருகிறார்கள்.

தந்தையின் பெயராக இருந்து முதலெழுத்தாக வந்தவர்களும் உண்டு. ஈ. வெ. ரா. என்பதில் உள்ள 'வெ', பெரியாரின் தந்தை வெங்கடப்ப நாயக்கரைக் குறிக்கும். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் 'வெ' அவருடைய தந்தை வெங்கடராம பிள்ளை.

தெலுங்கு நாட்டில் முறை வேறு. அங்கே முதலில் நிற்பது 'இன்ட்டி பேரு' என்னும் வீட்டுப் பெயர். அதற்கடுத்து வேங்கட என்பதைச் சேர்த்து, பிறகு கூப்பிடும் பெயரை வைப்பார்கள். முன்னாள் பிரதமர் பி. வி. நரசிம்ம ராவ் பாமுலபர்த்தி வெங்கட நரசிம்ம ராவ். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற பி. வி. சிந்து புசர்ல வெங்கட சிந்து; 2001இல் கொல்கத்தா டெஸ்டில் 281 ஓட்டங்கள் எடுத்த வி. வி. எஸ். லட்சுமணின் இரண்டாவது 'வி' வெங்கட. தேசியக் கொடியின் வடிவமைப்போடு பெயர் இணைந்த பிங்கலி வெங்கய்யா, பின்னணிப் பாடகர் கண்டசாலா வெங்கடேஸ்வர ராவ், 2017 முதல் 2022 வரை குடியரசுத் துணைத் தலைவராக இருந்த வெங்கய்ய நாயுடு என்று அந்தப் பட்டியல் நீளும். உன் வகுப்பிலேயே 'வி' என்ற முதலெழுத்தோடு இருக்கும் தெலுங்குத் தோழிகளைக் கேட்டுப் பார். ஒருவராவது வெங்கட என்று விரித்துச் சொல்வார்.

கேள்வி (வாசகி, சித்தூர்): திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு பிறந்த மகள். வெங்கடலட்சுமி என்று வைக்கலாமா, அலமேலு என்று வைக்கலாமா? இரண்டும் தெலுங்குப் பெயர்கள்தானே?

பதில்: அலமேலு தூய தமிழ். அலர் என்றால் மலர். தாமரை மலர்மேல் இருக்கும் மங்கை அலர்மேல் மங்கை. அதுவே அலர்மேலு, அலமேலு என்று ஆயிற்று. திருவாய்மொழியில் நம்மாழ்வார், 'அகலகில்லேன் இறையும்' என்று சொல்லி அலர்மேல் மங்கை உறையும் மார்பனே என்று திருவேங்கடமுடையானை அழைக்கிறார். ஒரு கணமும் பிரிந்திருக்க மாட்டேன் என்று அவள் சொல்வதாக அமைந்த பாசுரம் அது. திருமகள் உறையும் இடம் என்ற பொருளுடைய சீனிவாசன் என்ற பெயருக்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியாது. 15ஆம் நூற்றாண்டில் தாள்ளபாக அன்னமாச்சாரியார் தம் தெலுங்குக் கீர்த்தனைகளில் அலமேல்மங்கையை உருகி உருகிப் பாடினார். தமிழ்ப் பெயர் அப்படியே தெலுங்கு வீடுகளுக்குள் போய், அலமேலு, மங்கம்மா, மங்கா என்று பல பெண்களின் பெயராயிற்று. திருச்சானூர்த் தாயாரைக் கும்பிடுகிற தெலுங்குப் பெண்மணி தன்னையறியாமல் தமிழ் பேசுகிறார் என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

வேங்கடத்தையே வைக்க வேண்டுமென்றால் வெங்கமாம்பா என்றொரு பெயர் தங்கள் பக்கத்துக்கே உரியது. தரிகொண்டாவில் 18ஆம் நூற்றாண்டில் பிறந்து, இளமையில் கணவரை இழந்தும் ஊர் விதித்த கட்டுகளுக்கு அடங்காமல், திருமலையிலேயே வாழ்ந்து தெலுங்கில் கவிதை இயற்றியவர் அவர். திருமலையில் இன்று அன்னப்பிரசாதம் வழங்கும் பெரிய கூடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. வேண்டுதலுக்குப் பிறந்த பெண்ணுக்கு என் தேர்வு அலமேலு; இரண்டாவது பெயராக வெங்கமாம்பா.

கேள்வி (வாசகர், ஆர். கே. பேட்டை): ஏழுமலை என்ற பெயரும் இதே குடும்பமா?

பதில்: ஆம். சேஷாத்திரி, நீலாத்திரி, கருடாத்திரி, அஞ்சனாத்திரி, விருஷபாத்திரி, நாராயணாத்திரி, வேங்கடாத்திரி என்பவையே ஏழு மலைகள். சேஷாத்திரியும் வேங்கடாத்திரியும் தனியாகவும் மனிதப் பெயர்களாக வழங்குகின்றன. நம் பக்கத்து ஏழுமலைதான் தெலுங்கில் ஏடுகொண்டலு. சொல்லுக்குச் சொல் அதே பெயர். பாலாஜி வடநாட்டு வழக்கு. ஆழ்வார்கள் அறியாத பெயர் அது.

கேள்வி (வாசகி, பொதட்டூர்பேட்டை): என் பாட்டி கணவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று வெங்காயத்தைக்கூடப் பெயர் சொல்லாமல், தெலுங்கில் 'எர்ரகட்ட' என்றே கேட்டு வாங்குவாராம். தாத்தாவின் பெயர் வெங்கடேசன். இப்படி வழக்கம் இருந்ததா?

பதில்: இருந்தது, நானே கண்டிருக்கிறேன். என் தாத்தாவின் பெயரும் அதுதான். குடும்ப அட்டைக்குக் கணக்கெடுக்க வந்தவர் வீட்டுக்காரர் பெயர் என்னம்மா என்று கேட்டபோது, எங்கள் ஆயா பதில் சொல்லாமல் எழுந்துபோய், சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் பெருமாள் படத்தின் பாதத்தில் விரலை வைத்துக் காட்டினார். வந்தவரும் இந்தப் பக்கத்துக்காரர் போலிருக்கிறது, மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நாமம் போட்டுச் சொம்பு ஏந்திய பிள்ளைகள் 'வெங்கட்ரமணா கோவிந்தா' என்று வாசலில் வந்து நிற்கும்போது, தெருவே கோவிந்தா என்று சேர்ந்து சொல்லும். ஆயா மட்டும் முறத்தில் அரிசியை எடுத்துவந்து பேசாமல் போடுவார். சாமியின் பெயரும் கணவரின் பெயரும் ஒன்றாக இருந்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு எத்தனை பாரமாக இருந்திருக்கும் என்று பிற்காலத்தில்தான் யோசித்தேன்.

தாத்தா காலமான இரண்டாம் ஆண்டில் என் தம்பி பிறந்தான். அவனுக்குத் தாத்தாவின் பெயரே என்று முடிவாயிற்று. வீட்டில் மூத்தவர் என்பதால் குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்லும்படி ஆயாவைத்தான் கேட்டார்கள். வெகுநேரம் மறுத்துவிட்டு, பிறகு தொட்டிலின் மேல் குனிந்து, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு மூன்று முறை சொன்னார். பக்கத்திலேயே நின்றிருந்த எங்கள் யாருக்கும் அது காதில் விழவில்லை.